உன் இடது கையின் அளவு

தம்பி,

முந்தாநாள் போனில் நீ அம்மாவிடம் கேட்டாயாம், "அப்பாவுக்கு என் மேல கோவமா?" என்று. தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் போனைப் பிடுங்கி "எப்ப வர்ற, எப்ப வர்ற" என்று கேட்கிற மனுசன், கொஞ்ச நாளாக "சாப்பிட்டியா, அங்க மழையா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறானே என்று உனக்குத் தோன்றியிருக்கும். கோபம் இல்லை. ஆனால் அதைப் போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், உன் அம்மா எழுதுகிறாள். எல்கடுவ தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் படித்த படிப்பு இன்றைக்கு வேலைக்கு வந்திருக்கிறது. நான் பேசுகிற மாதிரியே எழுதினால் மானம் போய்விடுமாம். அதனால் புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், அதை எழுதமாட்டேன் என்று பேனாவை மூடிவைத்துவிட்டாள். சமாதானமாகி இப்போதுதான் மறுபடி திறந்திருக்கிறாள்.

எங்கே தொடங்குவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். "நடந்ததுலருந்து சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன். கொழும்பில் அந்தத் தொழிற்சாலை மெஷின் உன் வலது கையை மணிக்கட்டுக்குக் கீழே எடுத்துக்கொண்ட அன்று நாங்கள் இருவரும் பஸ் ஏறி ஓடி வந்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கையைப் போர்வைக்குள் வைத்திருந்தாய். போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் அம்மா அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் உடம்பைத் திருப்பிக்கொண்டாய். "வேர்க்குதும்மா, அங்கிட்டு நில்லுங்க" என்றாய். புண் ஆறிய பிறகு அதே இடத்தில், வாசல் கேட்டடியில் உட்கார்ந்து வருகிற போகிற லொறிகளைப் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். நீ அங்கேயே இருந்துவிட்டாய். பொங்கலுக்கு வரவில்லை. மாத்தளைத் தேருக்கு வரவில்லை. வீடியோ கோலில் உன் முகம் மட்டும் வரும், தோளுக்குக் கீழே ஒன்றும் வராது. ஒரு நாள் போன் உன் கையிலிருந்து நழுவி விழுந்தது. எங்களுக்குக் கூரையும் சுற்றுகிற மின்விசிறியும் தெரிந்தன. அதைத் திரும்ப எடுக்க ஏன் அவ்வளவு நேரம் என்று நாங்கள் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. மூன்று பேரும் அந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தேரன்று காலையில் அம்மா உனக்கும் சேர்த்து இலை போட்டு வைத்திருந்தாள். நீ வரமாட்டாய் என்று போன் வந்ததும் அதை எடுத்து மடித்துவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து பலா மரத்தடிக்குப் போனேன். அங்கே நம்முடைய கை டிராக்டர் நின்றது. நீ வளர்ந்ததே அதன் பெட்டியில்தான், உனக்கு நான் அதை வர்ணிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அன்றைக்கு நான் பார்த்த கோலத்தைச் சொல்கிறேன். முன்னால் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் துருவில் செங்கல் நிறமாகியிருந்தது. இரண்டு சக்கரமும் மண்ணில் பாதி இறங்கியிருந்தன. பின்னால் கொம்பு மாதிரி நீண்ட இரண்டு கைப்பிடிகளிலும் மிளகுக் கொடி ஏறியிருந்தது. கொக்கி போட்டு இழுக்கிற மரப்பெட்டிக்குள் கோழி அடை கிடந்தது. புகைக்குழாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. யட்டவத்தைப் பக்கத்து வயலெல்லாம் அதைக் கொண்டுதான் உழுதேன். மிளகு மூட்டை, மணல், கல்யாண வீட்டு அண்டா என்று அது சுமக்காத சாமானில்லை. என் வலது தோள் இறுகிப்போய், இன்ஜினில் கம்பியை மாட்டிச் சுற்றி ஸ்டார்ட் செய்ய முடியாமல் போனபோது அங்கே நிறுத்தியதுதான். "அந்தச் சனியன பழைய இரும்புக்குக் குடுங்கப்பா" என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய். நான் கொடுக்கவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. இரும்புக்காரன் லொறி வருகிற போதெல்லாம் கோழி அடையில் இருந்தது, அவ்வளவுதான்.

அன்று கொடியைப் பிய்த்தெறிந்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். உனக்காக என்று அப்போது நினைக்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. டாங்கியிலிருந்த பழைய டீசல் பாகு மாதிரி ஆகியிருந்தது. இன்ஜின் இறுகிக் கிடந்தது. டீசல் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். காலையில் எழுந்ததும் கம்பியை மாட்டி, பலம் போடாமல், பால் பல்லை ஆட்டிப் பார்க்கிற மாதிரி ஆட்டிப் பார்ப்பேன். இறுகின இன்ஜினை வம்புக்கு இழுத்தால் உள்ளே ஏதாவது உடையும். ஒரு நாள் மயிரிழை அசைந்தது. "அசைஞ்சிருச்சு புள்ள!" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "எதுங்க?" "இன்ஜினு!" "சே, நான் என்னமோ மகன்தான் வந்துட்டானோன்னு ஓடியாறேன்" என்று கரண்டியை ஆட்டிக்கொண்டே திரும்பிப் போனாள். இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுது புள்ள, அவனும் சிரிக்கட்டும்.

இன்ஜின் சுற்றத் தொடங்கியதும் அதை எழுப்பிப் பார்க்க ஆசை வந்தது. உனக்குத் தெரியும், அதை எழுப்ப இரண்டு கை வேண்டும். இடது கையால் இன்ஜின் தலையிலுள்ள சின்ன நெம்பை அமுக்கிப் பிடிக்க வேண்டும், வலது கையால் கம்பியைச் சுற்ற வேண்டும், வேகம் வந்ததும் நெம்பை விடவேண்டும். என் வலது தோள் பாதி சுற்றோடு நின்றுவிட்டது. கம்பியைக் கீழே போட்டுவிட்டு நின்றேன். அப்போதுதான் நினைத்தேன்: எனக்கே ஒரு கைதான் இருக்கிறது. அப்படியென்றால் இந்த வண்டியை எழுப்புவதும் ஓட்டுவதும் ஒரு கை வேலையாக வேண்டும். அந்த நினைப்பு வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கியது.

பலாபத்வலையில், யாழ்ப்பாணம் போகிற பெரிய ரோட்டோரம் வெல்டிங் கடை வைத்திருக்கிற நிஸாம் நானாவை நீ மறந்திருக்கமாட்டாய். உன் முதல் சைக்கிளின் உடைந்த கழுத்தை ஒட்டிக் கொடுத்தவர். வண்டியை ஒரு லொறியில் ஏற்றி அவரிடம் கொண்டுபோனேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "அண்ணே, இத செய்றத்துக்கு ஏலும். ஆனா ஒரு புதுசே வாங்கேலாதா?" என்றார். "புதுசுக்கு ரெண்டு கை வேணும் நானா" என்றேன். வலது கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "தம்பிக்கா?" என்றார். தலையாட்டினேன். "அப்ப நீங்க ஒண்டும் செல்ல வேணாம். கையிக்கி ஏலாத வேலையெ காலுக்குக் குடுப்பம். காலு ரெண்டும் சும்மாதானே ஈக்கிது" என்றார். அன்றிலிருந்து அது அவர் வண்டியாகிவிட்டது. நான் ஏதாவது சொல்லப் போனால் "நீங்க அங்கால குந்துங்க அண்ணே" என்று விரட்டுவார்.

என்ன செய்திருக்கிறோம் என்று சொல்கிறேன், கேள். இன்ஜின் பழையதுதான், எழுப்புகிற விதம் புதிது. பல் வைத்த சக்கரம் மாற்றி, மோட்டாரும் பேட்டரியும் பூட்டி, சாவி திருகினால் ஸ்டார்ட் ஆகிற மாதிரி செய்தாயிற்று. கம்பிக்கு வேலையில்லை. இடப்பக்கம் திருப்ப இடது கிளட்ச், வலப்பக்கம் திருப்ப வலது கிளட்ச் என்று இரண்டு கைப்பிடிக்கும் கீழே இருந்தனவே, அவற்றை சைக்கிள் பிரேக் மாதிரி கம்பி இழுத்து, இருக்கைக்கு முன்னால் இரண்டு மிதியாக்கிவிட்டார். நடுவில் பெட்டியின் பிரேக். பேரிங், பெல்ட், டயர் எல்லாம் புதிது. முன்னால் நல்ல வெளிச்சமான விளக்கு. இரண்டு கைப்பிடியையும் குறுக்கே ஒரு குழாயால் சேர்த்து ஒட்டியாயிற்று. ஒரு கையால் பிடித்தாலே இரண்டும் அசையும். "அப்ப வலது கைப்பிடிய வெட்டி எடுப்பமா?" என்று நானா கேட்டார். வேண்டாம் என்றேன். உன்னிடம் இல்லாதது மணிக்கட்டுக்குக் கீழேதான். மணிக்கட்டு வரைக்கும் கை இருக்கிறது. அது சும்மா தொங்கினால் பெட்டி குலுங்குகிற போது தோள் வலிக்கும். அதனால் வலது கைப்பிடியில் பஞ்சு வைத்து, றெக்சீன் தைத்து, கை சாய்த்துக்கொள்ள ஒரு தொட்டில் வைத்திருக்கிறோம். றெக்சீனைத் தைத்தது அம்மா.

இதில் ஒரு கூத்து நடந்தது. வேகம் கூட்டுகிற பிடி, பெரிய கிளட்ச், சாவி, ஹோர்ன் எல்லாம் இடது பக்கம் வரவேண்டும். நானா வண்டிக்கு முன்னால் குந்தியிருந்து ஒட்டிக்கொண்டிருந்தார். நானும் அவர் பக்கத்தில் ஒரு பலகையில், இன்ஜினைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். "இங்கதானே?" "ஓ, அங்கதான்." "இதும் இங்கதானே?" "அதும் அங்கதான்." எல்லாம் அழகாக முடிந்தது. நான் பின்னால் போய், என் வலது கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். இடது கையை நீட்டினேன். அங்கே ஒன்றுமே இல்லை. எல்லாம் வலது பக்கம் இருந்தது. வண்டியின் முகத்தைப் பார்த்து வேலை செய்தால் இடது வலதாகிவிடும் என்று, ஆளுக்கு ஒரு ஆயுசு இரும்போடு கிடந்த இரண்டு கிழவர்களுக்கும் தெரியவில்லை. நானா வாயில் கை வைத்துக்கொண்டார். "அல்லாஹ்வே, அண்ணே, நாம கண்ணாடில பாக்குற தம்பிக்கி செஞ்சி வெச்சீக்கிறோம்!" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. பக்கத்துக் கடையிலிருந்து பால் போடாத பிளேன்டி எடுத்துக் கொடுத்தார். அதைக் குடித்து முடிக்கிற போது இருவருமே சிரிக்கவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் அறுத்து எடுத்து மறுபக்கம் வைத்தார். ஒட்டினதை அறுக்க அவருக்கு மனசு வராது, உனக்குத் தெரியுமே. பாட்டுப் பாடிக்கொண்டே அறுத்தார்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும். நீ சின்ன வகுப்பில் படித்த காலம். பெட்டியில் உட்கார்ந்து வருகிற போது நீ ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாய். "மேட்டுல இடது கிளட்ச புடிச்சா இடது பக்கம் போகுது. இறக்கத்துல இடது கிளட்ச புடிச்சா ஏன்ப்பா வலது பக்கம் போகுது?" செங்குத்தான இறக்கத்தில் கை டிராக்டர் அப்படித்தான். போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தைப் பிடிக்க வேண்டும். எனக்குப் பழக்கம் தெரியும், காரணம் தெரியாது. "அது அப்படித்தான்டா, பேசாம வா" என்பேன். நீ பேசாமல் வருகிற ஆளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு டின் மூடியை ஒரு குச்சியில் செருகிக் கொண்டுவந்து, பலகையைச் சாய்த்து வைத்து என்னைக் கூப்பிட்டாய். "பாருங்கப்பா, இறக்கத்துல இன்ஜின் சக்கரத்த தள்ளல, புடிச்சு வெச்சிருக்கு." ஒரு மூடியின் மேல் உன் விரலை வைத்து உரசவிட்டாய், மற்றதை விட்டுவிட்டாய். "புடி விட்ட பக்கம் முன்னுக்கு ஓடுது. அதான் வண்டி மத்தப் பக்கம் திரும்புது." நான் பலகைக்குப் பக்கத்தில் குந்தி, நீ சொன்னதை நானே உருட்டி உருட்டிப் பார்த்தேன். அத்தனை வருசம் ஓட்டியவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. உன் விரல் அந்த மூடியை எவ்வளவு மெதுவாக உரசியது என்று இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. இடது கை விரல், தம்பி. குச்சியை வலது கையில் பிடித்திருந்தாய்.

வண்டி தயாரானதும் நம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வலது கை துண்டில் கட்டியபடியே இருந்தது. அதை அவிழ்த்து வைத்தால் அது தானாக வந்து உதவி செய்துவிடும். பிறகு உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். வெறும் பெட்டியோடு ஓட்டினால் சரியாகத் தெரியாது, பாரம் வேண்டும் என்றேன். "நான் வாறேன் பாரத்துக்கு" என்று அம்மா குடையையும் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மேடு ஏறுகிற வரைக்கும் ராசா மாதிரிப் போனோம். கோயில் தாண்டி இறக்கம் தொடங்கியது. வளைவு இடப்பக்கம். இறக்கத்தில் எதிர்ப் பக்கம் என்று என் கைகளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் கிளட்ச் இப்போது காலில் அல்லவா இருக்கிறது? காலுக்கு அந்தப் பாடம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இடது கால் இடது மிதியை அமுக்கியது. வண்டி வலப்பக்கம் போனது. நான் பயந்து இன்னும் அமுக்கினேன். அது இன்னும் போனது. பிரேக்கைத் தேடி மிதிப்பதற்குள் வாய்க்கால் ஓரத்து உண்ணிச்செடிப் புதருக்குள் போய் முகத்தைக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. அடி ஒன்றும் படவில்லை. திரும்பிப் பார்த்தால் உன் அம்மா பெட்டிக்குள் மல்லாந்து கிடந்து, குடையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எழுந்து உட்கார்ந்து தலையிலிருந்த இலையைத் தட்டிவிட்டாள். "கைக்குத் தெரிஞ்சது காலுக்குத் தெரியலையோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இறக்கத்துல இழுத்த பக்கம் வராதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க. அந்தப் புள்ள இப்ப இறக்கத்துலதானே போய்க்கிட்டு இருக்கு? நீங்க தினமும் வா, வா, வான்னு ஒரே பக்கமா இழுக்குறீங்க. இழுக்க இழுக்க அவன் அங்கிட்டுப் போறான். இது தெரியல, பெரிய டிரைவரு" என்றாள். உண்ணிச்செடி முள்ளு முழங்காலில் குத்திக்கொண்டிருந்தது. அதை எடுக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று பொழுது சாய நீ போன் எடுத்தாய். "சாப்பிட்டியா, அங்க மழையா" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நீ கோபம் என்று நினைத்தது இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். புதருக்குள்ளிருந்து வண்டியை எடுக்க எங்கள் இருவராலும் முடியவில்லை. அம்மா ரோட்டில் நின்று, வயல் வேலை முடித்து வந்தவர்களைக் கை காட்டிக் கூப்பிட்டாள். நாலைந்து பேர் வந்தார்கள். கட்டியிருந்த என் கையைப் பார்த்து, "என்னாண்ணே, கை முறிஞ்சிருச்சா?" என்று ஒருவன் கேட்டான். "இல்லப்பா, மகன் மாதிரி ஓட்டிப் பாக்குறேன்" என்றேன். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள். பிறகு ஒருவன், "அப்ப மிதிய கொஞ்சம் பெருசா வெக்கணும்ண்ணே, மழைக் காலத்துல செருப்பு வழுக்கும்" என்றான். இன்னொருவன் சாவியைத் திருகிப் பார்த்து, ஸ்டார்ட் ஆனதும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். தம்பி, ஊரில் யாரும் உன்னைப் பார்க்கமாட்டார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். பார்ப்பார்கள். கிழவிகள் வாய்விட்டு அழுவார்கள், அது உனக்கு எரிச்சலாக இருக்கும். சந்தையில் யாராவது மடத்தனமாக ஏதாவது கேட்பான். பிறகு மிளகு விலை இறங்கும், எல்லாரும் அதைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள்.

அம்மா ஒரு கதையை எழுத வேண்டும் என்கிறாள். அவளுடைய கதை, அவள் வாயாலேயே வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். "தம்பி, அம்மா எழுதுறேன். நான் எல்கடுவயில கொழுந்து எடுத்த காலத்துல, மூட்டை நெறஞ்சுருச்சுன்னா யாரும் தனியா தலைக்கு ஏத்த மாட்டோம். ஏத்தவும் முடியாது. மூட்டைக்குப் பக்கத்துல நின்னு, யாரு வாறாங்களோ அவங்கள்ட்ட 'அக்கா, கொஞ்சம் தூக்கி விடுங்க'ன்னு சொல்லுவோம். சண்டை போட்டு மூஞ்சி பாக்காத ஆளா இருந்தாலும் தூக்கி விட்டுட்டுத்தான் போகும். சொமக்கிறது நம்மதான். தூக்கி விட மட்டுந்தான் இன்னொரு ஆளு. இதுல யாருக்கும் வெக்கம் இருந்தது இல்ல. வெக்கப்பட்டா மூட்டை மலையிலயே கெடக்கும்." முடித்துவிட்டு, இனி உங்கள் பேச்சைப் பேசுங்கள் என்கிறாள்.

என் பேச்சு இவ்வளவுதான். இந்தக் கடிதத்தில் நான் உன்னை வா என்று கூப்பிடவில்லை, கவனித்திருப்பாய். வண்டியை உனக்குக் கயிறாகவும் நினைக்காதே. நீ வராவிட்டாலும் அது வீணில்லை. என் தோளுக்கு இனி அந்த மாதிரி வண்டிதான் சரி. நானே அடுத்த போகத்துக்கு உழுவேன். என் காலும் இப்போது இறக்கத்தைப் படித்துக்கொண்டுவிட்டது. தினமும் காலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்த வளைவில் ஏறி இறங்குகிறேன். இப்போதெல்லாம் உன் அம்மா குடையை வைத்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.

ஒரே ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கிறது. வேகம் கூட்டுகிற பிடியைப் பெருவிரலால் தள்ள வேண்டும். அதே நேரத்தில் மற்ற விரல்கள் கிளட்ச் கம்பியை எட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். என் கை மண்வெட்டி மாதிரி அகலம். உனக்கு உன் அம்மாவின் விரல்கள், நீளமாக இருக்கும். என் கைக்கு அளவாக ஒட்டினால் உனக்குப் பொருந்தாது. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்றாள் அம்மா. போட்டோவில் அளவு தெரியாது, தாளில் கை வைத்து ஓரமாகக் கோடு போட்டு அனுப்பச் சொல்லுங்கள் என்கிறார் நிஸாம் நானா. அதனால் உன் இடது கையை ஒரு தாளில் விரித்து வைத்து, சுற்றி வரைந்து அனுப்பு. பேனாவை வாயில் பிடித்து நீயே வரையப் பார்ப்பாய், உன்னை எனக்குத் தெரியும். வேண்டாம், கோடு காட்டிக்கொடுத்துவிடும். உன் அறையில் இருக்கிறவன் யாரையாவது, கேட்டடியில் நிற்கிற லொறி டிரைவர் யாரையாவது கூப்பிட்டு, "கொஞ்சம் வரைஞ்சு விடுங்க" என்று சொல்லு. கை வைப்பது நீ. கோடு போட மட்டும்தான் இன்னொருவர். அந்தத் தாள் வரும் வரைக்கும் பிடியை ஒட்டவேண்டாம் என்று நானாவிடம் சொல்லிவிட்டேன். இப்போதைக்குக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறது. அது எத்தனை நாளைக்கும் தாங்கும், அவசரமில்லை.

எப்படி வரைவது என்று உனக்குத் தெரிய, கீழே ஒரு கை வரைந்திருக்கிறது. அது என்னுடைய இடது கை. என் வலது கையைத் துண்டில் கட்டிக்கொண்டு, அம்மாவிடம் "கொஞ்சம் வரைஞ்சு விடு புள்ள" என்று கேட்டேன். எழுத்து தெரியாதவன் எல்லா இடத்திலும் பெருவிரலை மட்டும் வைத்துத்தான் பழக்கம். உனக்கு முழுக் கையையும் வைத்திருக்கிறேன். சுண்டு விரல் பக்கத்தில் கோடு கோணியிருக்கும். அந்த இடத்தில் எனக்குக் கூச்சம் வந்து கையை இழுத்தேன், உன் அம்மா சிரித்துவிட்டாள்.